மருந்து யாருக்கு? லாபம் யாருக்கு?

சித்திரை வெயிலிலே தக்காளி இலை சுருண்டால் அய்யலூர் விவசாயி பதறிக் கடைக்கு ஓடுகிறான். கடைக்காரர் ஒரு டப்பா கேட்டால் மூன்று தருகிறார், கடனுக்கும் தருகிறார். அதை அடிப்பது யார்? முகத்திலே துண்டைச் சுற்றிய கூலித் தொழிலாளி!

உண்மை என்ன? இலைச் சுருட்டை வைரஸ் நோய். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. நோய் கண்ட செடியைக் குணமாக்க எந்த மருந்தும் கிடையாது. பிடுங்கி அழிக்கத்தான் வேண்டும். ஈயைக் கண்காணிக்க மஞ்சள் ஒட்டுப் பொறி இருக்கிறது. காய்ப்புழுவுக்கு ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுப்பூ. இதை வயலுக்கு வந்து காலத்தில் சொல்வது சர்க்காரின் கடமை. அந்த வேலையைக் கடைக்காரரிடம் விட்டால் அவர் டப்பாவைத்தானே விற்பார்?

பஞ்சாலைத் தோழர்களே! 2017-ல் மராட்டியத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் தொழிலாளரும் 20 பேருக்கு மேல் மாண்டனர். நீங்கள் நூற்கும் பஞ்சில் அந்த ரத்தமும் இருக்கிறது. மருந்தடிப்பவருக்குத் தக்க பாதுகாப்பு உடை வேண்டுமென்று 1971-ம் ஆண்டு விதிகளே கூறுகின்றன. விதி ஏட்டில், விஷம் நம் உடம்பில்!

சிறு விவசாயி நமக்குப் பகைவனல்ல, அவனும் கடனாளியே. ஆகவே சேர்ந்து கேட்போம்: வாரம் ஒருமுறை அதிகாரி வயலுக்கு வரட்டும்! பொறிகள் இலவசமாகக் கிடைக்கட்டும்! கையுறையும் முகமூடியும் தராமல் தெளிப்பானைத் தொடமாட்டோம்!