ரஸத்தில் கோதுமையா?

நம்முடைய வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவனுக்குக் கோதுமை ஆகாது. சிறிது உட்கொண்டாலும் உடம்பெங்கும் தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகிவிடும். அவனுடைய தாயார் சப்பாத்தி, ரொட்டி, பிஸ்கோத்து யாவற்றையும் வீட்டை விட்டே விலக்கிவிட்டார். அப்படியிருந்தும் ஒரு நாள், வெறும் ரஸஞ் சாதம் உண்ட பையன் மூச்சு விட முடியாமல் தவித்துப் போனான். "அரிசி, பருப்பு, புளி, இதிலே கோதுமை எங்கிருந்து ஸார் வந்தது?" என்று அந்த அம்மாள் நம்மைக் கேட்டார்.

பெருங்காயத்திலிருந்து வந்தது! ஈரான், ஆப்கானிஸ்தான் முதலிய தேசங்களில் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து கசியும் பால் உறைந்ததே பெருங்காயம். அதன் நெடி தாங்க முடியாதது. ஆகவே, பிசினும் கோதுமை மாவோ அரிசி மாவோ சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். இது கலப்படமன்று, சட்டம் அனுமதித்த முறையே. பிறருக்குத் தீங்கில்லை, இவனுக்கோ உயிராபத்து.

கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, சோயா முதலியவை சேர்ந்திருப்பின் உறைமீது தெரிவிக்க வேண்டுமென்பது 2020-ஆம் ஆண்டின் இந்திய உணவு விதி. ஆனால், நாம் செய்வதென்ன? பொடியை டப்பாவில் கொட்டிவிட்டு, உறையைப் படியாமலே எறிந்துவிடுகிறோம்!

சகோதரிகளே, அந்த எழுத்தைப் படித்த பிறகே டப்பாவைத் திறவுங்கள். ஒவ்வாமையுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். விருந்துக்கு வரும் குழந்தைக்கு எது ஆகாது என்று கேட்டறிந்த பின்பே இலை போடுங்கள். உபசாரத்தில் அதுவே முதலாவது.