அந்தத் தீவு சும்மா அமைதியா இல்லீங்க

ஹவாய் என்றதும் நீலக் கடலும் பூமாலையும் நடனமும்தான் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது அதே ஹவாயில் இருக்கிற மொலொகாய் என்ற தீவைப் பற்றி. நான் அங்கே போனதில்லை, போகிற வசதியும் இல்லை. 2021-ல் செல்போனில் ஒரு படம் பார்த்தேன். காய்ந்துபோன செம்மண் காட்டில் எலும்பும் தோலுமாகப் புள்ளிமான்கள். நம்ம ஊர்ப் புள்ளிமான் பசிபிக் கடலுக்கு நடுவில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தேடத் தொடங்கினேன். அன்றிலிருந்து ராத்திரி மாட்டுக்குத் தட்டுப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அந்தத் தீவைப் பற்றிப் படிப்பது பழக்கமாகிவிட்டது.

படிக்கப் படிக்கக் கொஞ்சம் கோபமும் வந்தது. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதைக் காலம் நின்றுபோன சொர்க்கம் என்கிறார்கள். மீதிப் பேர் முன்னேறத் தெரியாத ஜனங்கள் என்கிறார்கள். ரெண்டுமே தப்பு என்பது என் கருத்து. அந்த அமைதியை ஜனங்கள் தண்ணிக் கணக்குப் பார்த்து, பல பேருக்கு "வேண்டாம்" சொல்லிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள்.

தீவு கிழக்கு மேற்காக 38 மைல் நீளம், 10 மைல் அகலம். ஜனத்தொகை சுமார் 7,000. தீவு முழுக்கத் தேடினாலும் ஒரு டிராஃபிக் சிக்னல் கிடையாது. தென்னை மரத்தைவிட உசரமான கட்டடம் இங்கே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கௌனாககாய்தான் டவுன். ராத்திரியில் அங்கே பேக்கரிக்குப் பின்னால் உள்ள சந்தில் சூடான ரொட்டிக்கு ஆட்கள் நிற்பார்கள். ஹோலேஹுவா போஸ்ட் ஆபீசில் முழுத் தேங்காய் மேலேயே விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால், 'மெதுவாகப் போங்க, இது மொலொகாய்' என்கிற மாதிரி ஒரு பலகை நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விவசாயி கண்ணுக்கு முதலில் படுவது மழைக் கணக்கு.

வருசத்தில் பெரும்பாலான நாள் வடகிழக்கிலிருந்து காற்று வருகிறது. கிழக்குப் பக்கம் கமாகோ என்ற மலை, 5,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. மேகம் அதில் முட்டி அங்கேயே கொட்டிவிடும். உச்சியை ஒட்டி வருசத்துக்கு 150 அங்குலத்துக்கு மேல் மழை. அங்கிருந்து சில மைல் தள்ளித் தென்கரையில் இருக்கிற கௌனாககாய்க்கு 15 அங்குலம்கூடத் தேறாது. ஒரே தீவில் ஒரு பக்கம் அருவி, மறுபக்கம் முள்ளுக்காடு. அந்த முள்ளு மரத்துக்குக் கியாவே என்று பேர். நம்ம சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி! அதுவும் வெளியிலிருந்து வந்து பரவியதுதான்.

காய்ந்த பக்கத்துக்கு மழை வேண்டுமென்றால் குளிர்காலத்தில் அந்த வடகிழக்குக் காற்று அடங்கி, தெற்கிலிருந்து 'கோனா' காற்று வர வேண்டும். வந்தாலும் அளவாக வராது, ஒரே நாளில் ஊற்றிவிட்டுப் போகும். பூமியில் இறங்குகிற தண்ணியைவிட செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கடலுக்குப் போகிற தண்ணிதான் அதிகம். இந்த மழைக்காலத்தை அந்தக் காலத்து ஆட்கள் எதை வைத்துக் குறித்தார்கள் தெரியுங்களா? நம்ம கார்த்திகை நட்சத்திரம்தான். பொழுது சாயும்போது அந்த மீன்கூட்டம் கிழக்கே எழும்பினால் 'மகாஹிகி' காலம் வரப்போகிறது என்று அர்த்தம். நாலு மாசம் சண்டை கூடாது. விளைந்ததைக் கொண்டாடி விளையாட வேண்டும். மொலொகாயில் இப்போதும் ஜனவரி வாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பழைய விளையாட்டுகளை ஆடுகிறார்கள்.

தண்ணி விஷயத்தில் இந்தத் தீவு பட்டபாடு பெரிசு. 1900 வாக்கில் ஒரு சர்க்கரைக் கம்பெனி தென்கரையில் கரும்பு போட வந்தது. கிணறு வெட்டி, பம்பு வைத்து உறிஞ்சினார்கள். கொஞ்ச நாளிலேயே தண்ணி உப்பாகிவிட்டது, கரும்பும் போச்சு. மேலிருந்து அடித்து வருகிற வண்டலைத் தடுக்க 1902-ல் வெளியூர் அலையாத்திச் செடியைக் கொண்டுவந்து கடலோரத்தில் நட்டார்கள். அது பரவிப் பழைய மீன்குளங்களை மூடிவிட்டது. இன்றைக்கு ஊர் ஜனங்கள் அதை வெட்டி வெட்டி மாளவில்லை.

அந்த மீன்குளங்களைச் சொல்லியே ஆகணும். கடலோரத்தில் எரிமலைக் கல்லால் வளைவாகச் சுவர் கட்டி, நடுவில் குச்சிகளால் ஒரு மதகு வைத்திருப்பார்கள். குஞ்சு மீன் குச்சி இடுக்கில் உள்ளே வரும். உள்ளேயே மேய்ந்து பெருத்துவிட்டால் வெளியே போக முடியாது. வேண்டியதை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். பல நூறு வருசத்துக்கு முன்னாலேயே தென்கரையில் இப்படி 60 குளம் வரை கட்டியிருக்கிறார்கள். அதில் சிலவற்றைத்தான் இப்போது ஊரார் சேர்ந்து தூர்வாரி, சுவரைத் தூக்கி வைக்கிறார்கள்.

ஹோலேஹுவா பக்கம் ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு 1921-ல் வந்த ஒரு சட்டப்படி விவசாய நிலம் நீண்ட காலக் குத்தகைக்குக் கிடைத்தது. நிலம் கிடைத்தது, தண்ணி இல்லை. பல பேர் அன்னாசிக் கம்பெனிகளுக்கே நிலத்தை விட்டார்கள். 1960களில்தான் ஈரமான கிழக்கிலிருந்து மலையைக் குடைந்து ஐந்து மைல் சுரங்கம் போட்டுத் தண்ணி கொண்டுவந்தார்கள். அடியில் ரப்பர் விரித்த ஒரு பெரிய தேக்கத்தில் அது நிற்கிறது. கொள்ளளவு சுமார் 530 கோடி லிட்டர். அந்தத் தண்ணியில் மூன்றில் ரெண்டு பங்குக்கு அந்தக் குத்தகை விவசாயிகளுக்கு முதல் உரிமை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். யாருக்கு முதலில் தண்ணி என்பதை எழுதி வைக்காத ஊரில் காசு இருக்கிறவனுக்குத்தான் முதல் தண்ணி போகும்.

இப்ப மானுக்கு வருவோம். 1868-ல் ஹாங்காங்கிலிருந்து சில புள்ளிமான்களை ஐந்தாம் கமேஹமேஹா ராஜாவுக்குப் பரிசாக அனுப்பினார்கள். அவற்றின் பூர்வீகம் இந்தியா. மொலொகாயில் விட்டார்கள். அங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. பெருகிக் காட்டை மேய்ந்தன. செடி போன இடத்தில் மண் போனது, மண் கடலுக்குப் போய்ப் பவளப்பாறை மேல் படிந்தது. பல வீட்டுக்கு அந்த மான்கறிதான் சாப்பாடு. ஆனால் வேட்டையாடினாலும் குறைகிற கணக்கு இல்லை. 2020-21 வறட்சியில் மேய்ச்சல் இல்லாமல் நூற்றுக்கணக்கில் செத்தன. ஆளுநர் அவசரநிலை அறிவிக்கிற அளவுக்குப் போனது. ஒரு ராஜாவுக்குக் கொடுத்த பரிசுக்கு 150 வருசம் கழித்தும் சம்சாரி வேலி போட்டுக்கொண்டிருக்கிறான்.

மீன், மான்கறி, கொல்லையில் விளைகிற சேம்பு என்று தாங்களே தேடிக்கொள்கிற சாப்பாடு அங்கே பொழுதுபோக்கு இல்லீங்க. 1994-ல் ஆளுநர் அமைத்த குழு ஒன்று கணக்கெடுத்தது. தீவுக் குடும்பங்களின் சாப்பாட்டில் 28 சதவீதம் இப்படித்தான் வருகிறது, ஹவாய்ப் பூர்வகுடிக் குடும்பங்களில் அது 38 சதவீதம் என்று சொன்னது. கிடைத்ததைப் பெரியவர்கள் வீட்டுக்கும் கொடுத்து அனுப்புவது வழக்கம். கடையில் சாமான் எல்லாம் கப்பலில் வர வேண்டும் என்பதால் விலை தாங்காது. கரையும் காடும் போனால் அந்தக் குடும்பங்களின் சமையல்கட்டும் போச்சு என்றுதான் அர்த்தம்.

இதை மனசில் வைத்துக்கொண்டு அவர்கள் "வேண்டாம்" சொன்ன கதையைப் பாருங்க. தென்மேற்கு முனையில் லாஅவ் என்ற இடத்தில் 200 ஆடம்பர வீட்டு மனை போட அங்கே இருந்த பெரிய பண்ணைக் கம்பெனி திட்டம் போட்டது. காய்ந்த பக்கம் அது. தண்ணி எங்கிருந்து வரும் என்று ஜனங்கள் கேட்டார்கள். மீன்பிடிக்கிற கரை என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். கடுமையாக எதிர்த்தார்கள். 2008-ல் கம்பெனி ஹோட்டல், கோல்ஃப் மைதானம், சினிமாக் கொட்டகை எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனது. சுமார் 120 பேருக்கு வேலை போச்சு. 7,000 பேர் ஊரில் 120 வேலை என்றால் எவ்வளவு பெரிசு என்று நினைத்துப் பாருங்க. அன்னாசிக் கம்பெனிகள் 1970களிலும் 80களிலும் போனபோதே ஒரு அடி விழுந்த ஊர் அது. 2016-ல் பக்கத்துத் தீவுக்குப் போகிற பயணிகள் படகும் நின்றுபோனது.

எல்லாரும் ஒரே மனசாக எதிர்த்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தபந்தத்துக்குள்ளேயே பிளவு இருந்தது. வேலை போன வீட்டுக்காரனிடம் போய் 'அமைதி நல்லதுதானே' என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகள் வேலை தேடி வெளியே போவதும் நடக்கிறது. அந்த வலி நிஜம்.

ஆனாலும் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி சரியான கேள்வி என்றுதான் நான் சொல்வேன். எத்தனை வேலை வரும் என்று கேட்கிறதுக்கு முன்னால் எத்தனை தண்ணி இருக்கு என்று கேட்டார்கள். வேலை போனால் கஷ்டப்பட்டாவது வேறு தேடலாம். உப்பாகிப்போன கிணற்றை யாரும் இனிப்பாக்கித் தர மாட்டார்கள். சர்க்கரைக் கம்பெனி காலத்திலேயே அந்தத் தீவு இதைப் பார்த்துவிட்டது.

டவுனில் இருக்கிற உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மொலொகாய் ஆகட்டும், உங்கள் தாத்தா ஊர் ஆகட்டும், ரெண்டு நாள் தங்கிவிட்டு 'எவ்வளவு அமைதி' என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீங்க. இங்கே தண்ணி எங்கிருந்து வருது, யாருக்கு முதலில் போகுது, நீங்கள் வாங்கப் பார்க்கிற மனைக்கு எவன் பங்கு வரப்போகுது என்று ஒரு தடவை கேளுங்க. பதில் சொல்ல ஊரில் ஆள் இருப்பார்கள். உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை.