நாற்றிலேயே தெரியும் நோய் எதிர்ப்பு

செஞ்சி அருகே தளவானூர் வட்டாரத்தில் சம்பா நெல் நிற்கும்போது காற்றோடு மழை அடித்தால், முதலில் இலை நுனியைப் பார்க்க வேண்டும். நுனியிலிருந்து ஓரம் மஞ்சளாகி, வைக்கோலாகக் காய்ந்தால் அது பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம். அந்த இலையை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வெட்டிய இடத்தில் பால்போலக் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். முற்றிவிட்டால் மருந்துக்கு அடங்காது.

நம் ஊரில் ஆந்திரா பொன்னி எனப்படும் பி.பி.டி. 5204 இந்த நோய்க்குச் சீக்கிரம் பலியாகும் ரகம். ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வகமும் நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, கலப்பினம் செய்து இதில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்தன. அவற்றில் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. வயலில் நோய் வரும்வரை காத்திருக்காமல், நாற்றின் இலைத் துணுக்கில் டி.என்.ஏ. அடையாளம் பார்த்தே நல்ல செடிகளைப் பிரித்தெடுத்தார்கள்.

மூன்று எதற்கு? ஒரு பூட்டைக் கிருமி திறந்துவிட்டாலும் மற்ற இரண்டும் காக்கும் அல்லவா!

2008-ல் 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' என்ற பெயரில் வெளியான இந்த ரகத்தில் அரிசியின் சன்னம் மாறவில்லை.

பழைய விதையே போட்டிருப்பவர்கள் யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாய விடாதீர்கள்.