கணக்கு தெரியாத டாக்டர்

"டாக்டர் தங்கமான மனுஷன். கணக்கு வழக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. எல்லாம் கவுண்டர்ல இருக்கிற அக்கா பார்த்துக்கிடும்."

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பாராட்டு காதில் விழும். டாக்டரும் இதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்வார். வைத்தியம் பார்க்கத்தானே படித்தோம், வசூல் பார்க்கவா என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வசனம் நோயாளிகளின் பர்ஸில் போட்ட ஓட்டை கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு ஊருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, சிறுநீரகம் என்று ஒரு துறைக்கு ஒரு டாக்டர், அதிகம் போனால் கணவனும் மனைவியுமாக இரண்டு டாக்டர்கள் நடத்தும் சின்ன மருத்துவமனைகள்தான் இங்கே சிறப்பு மருத்துவம். மில் தொழிலாளி, சத்திரப்பட்டி தறிக்காரர், வத்திராயிருப்பு விவசாயி எல்லோரும் வருவது இங்கேதான். இது இல்லையென்றால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். அதனால் இந்தச் சின்ன மருத்துவமனைகள் நிற்கவேண்டும், நஷ்டப்பட்டு மூடக்கூடாது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை எல்லாம், ஏதாவது ஒன்று மாறும்போது அந்த மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதில்தான்.

2011ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜூலை 23 அன்று தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வரை சிகிச்சை. காப்பீட்டு நிறுவனம் ஸ்டார் ஹெல்த். 2011ல் ஆட்சி மாறியது, திட்டம் நின்றது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11ல் யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு தொடங்கியது. ஆண்டு வருமானம் 72,000க்குள் இருப்பவர்களுக்கு வருடம் ஒரு லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். நல்ல திட்டம், முந்தையதைவிட விரிவானது. ஆனால் ஒன்று முடிந்து இன்னொன்று முழுசாக ஓடத் தொடங்கும்வரை, கையில் பழைய அட்டையோடு வந்த ஆளுக்கு என்ன பதில்?

"அந்தக் கார்டு இனிமே செல்லாது அண்ணாச்சி. இப்போதைக்கு அட்வான்ஸ் கட்டிருங்க, பிறகு பார்த்துக்கிடலாம்."

திட்டம், நிறுவனம், சாஃப்ட்வேர், முதலாளி என்று எது மாறினாலும் இந்தப் "பிறகு பார்த்துக்கிடலாம்" மட்டும் மாறாது. அந்தப் "பிறகு" எந்தத் தேதி என்று யாரும் எழுதிக் கொடுப்பதும் இல்லை.

மருத்துவமனைப் பக்கமும் நியாயம் இருக்கிறது. காப்பீட்டுப் பணம் கையில் வர மாதங்கள் ஆகும். கேட்டது ஒன்று, அனுமதிப்பது ஒன்று, வந்து சேருவது இன்னொன்று. டிபிஏ நிறுவனங்கள் மருத்துவமனைக்குக் கொடுக்கும் தொகையில் வரி பிடித்தே கொடுக்கவேண்டும் என்று 2009லேயே வருமான வரித்துறை சுற்றறிக்கை போட்டுவிட்டது. பத்து சதவீதம் அங்கேயே போய்விடும், கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கவேண்டும். நர்ஸ் சம்பளத்தையும் ஆக்சிஜன் சிலிண்டர் பில்லையும் "பிறகு" என்று தள்ள முடியுமா? முடியாது. பாக்கி வைத்தவர் சென்னையில் இருக்கிறார், பெஞ்சில் இருப்பவர் எதிரே இருக்கிறார். யாரிடம் வசூலிப்பது சுலபம் என்று சொல்லவேண்டியதில்லை.

அங்கேதான் தப்பு. சுலபமாக வசூலிக்க முடிந்தவரும் கடன்பட்டவரும் ஒரே ஆள் இல்லை.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது அரசு மருத்துவமனைகளில் மட்டும் சில காலம் பழைய நோட்டு வாங்கலாம் என்றார்கள். டாக்டர் சீட்டு காட்டினால் மருந்துக்கடையிலும் வாங்கலாம் என்றார்கள். தனியார் மருத்துவமனைக்கு அந்த விலக்கு இல்லை. அதாவது ஒரே கட்டடத்துக்குள் மருந்துக்கு நோட்டு செல்லும், ஆபரேஷனுக்குச் செல்லாது! கூலியைக் கையில் ரொக்கமாக வாங்குகிறவர்கள் நிறைந்த ஊர்களில் இது என்ன பாடு படுத்தியிருக்கும் என்று விளக்கவேண்டாம். அது டெல்லி போட்ட உத்தரவு, டாக்டர் என்ன செய்வார் என்று கேட்கலாம். காசோலை வாங்கலாம், பாக்கி எழுதி வைக்கலாம். அதற்கு முதலில் பாக்கி எழுத ஒரு நோட்டும், அதைப் படிக்கத் தெரிந்த டாக்டரும் வேண்டும்.

அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. மருத்துவ சேவைக்கு வரி விலக்கு என்றதும் பலர் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்கள். கதை அங்கே முடியவில்லை. உள்நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து சிகிச்சையோடு சேர்ந்தது, வரி கிடையாது. அதே மருந்தை வெளிநோயாளி அதே கவுண்டரில் வாங்கினால் வரி உண்டு. இரண்டையும் பிரித்து பில் போடவேண்டும். இன்னொன்று, வரி விலக்கு உள்ள சேவை என்பதால் மருத்துவமனை தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அது செலவோடு செலவாகி பில்லுக்குள் கரைந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வதில் பேர்போன ஊர் சத்திரப்பட்டி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தத் துணிக்கு 2017ல் 12 சதவீதம் வரி. பக்கத்து ஊர் தறியில் ஓடிய துணி ராஜபாளையம் டிரெஸ்ஸிங் அறைக்கு வருவதற்குள் வரியைச் சுமந்து வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம் ஆனது. பல மருந்துகளுக்கும் 12லிருந்து 5 ஆகக் குறைந்தது. ஏறியபோது டிரெஸ்ஸிங் கட்டணம் ஏறியது என்றால், குறைந்தபோது குறைந்ததா? நெய்தவரே கையில் கட்டுப்போட்டுக்கொண்டு வந்து கேட்டால் கவுண்டரில் பதில் இருக்கவேண்டும். (ஒரு நாள் அறை வாடகை 5,000க்கு மேல் போனால் 5 சதவீத வரி என்று 2022 ஜூலையில் ஒன்று வந்ததே, அதைப் பற்றி இங்கே கவலை இல்லை. அவ்வளவு வாடகை கொடுக்கிறவர் மதுரைக்கே போய்விடுவார்.)

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த மாற்றம். உள்ளே நடக்கும் மாற்றம்தான் இன்னும் மோசம். பெரிய டாக்டருக்கு வயதாகிறது, மகளோ மருமகனோ மேல்படிப்பு முடித்து வருகிறார். தனி ஆள் பெயரில் இருந்த மருத்துவமனை கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ மாறுகிறது. ரிப்பன் வெட்டுகிறார்கள், புது போர்டு மாட்டுகிறார்கள். போர்டுக்குப் பின்னால் என்ன ஆகிறது? பான் எண் மாறுகிறது. பழைய பெயரில் போட்ட கிளெய்ம் பணம் பழைய வங்கிக் கணக்குக்குப் போகிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. பிடித்த வரி பெரிய டாக்டர் பெயரில் நிற்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில் புதுப் பெயர் ஏறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை "எங்க ஆஸ்பத்திரில கார்டு எடுப்போம்" என்று நம்பி வந்தவர் முழுப் பணமும் கட்டுகிறார். போதாததற்கு அதே மாதம் புது சாஃப்ட்வேர் வேறு. பழைய சாஃப்ட்வேரில் கட்டிய அட்வான்ஸ் புதியதில் தெரியாது. ரசீது இருக்கா என்று கேட்பார்கள். ஏழு வருடம் அந்தக் கவுண்டரில் எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்த அக்கா, சம்பளம் பத்தவில்லை என்று நின்றுவிட்டாரென்றால் கதை முடிந்தது. மருத்துவமனையின் மொத்த வரவுக் கணக்கும் அவரோடு டவுன்பஸ் ஏறிப் போய்விடும்.

அந்த அக்காவைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு நோயாளியை ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டரிடம் ஒப்படைக்கும்போது கேஸ் ஷீட் இல்லாமல் ஒப்படைப்பார்களா? அப்படியானால் அவர் கட்டிய பணத்தை மட்டும் ஏன் காகிதம் இல்லாமல் ஒப்படைக்கிறார்கள்?

கணக்குப் பார்த்தால் சேவை மனப்பான்மை போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்று 1976ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்டுகிறவர் கட்டுவதில், கட்ட முடியாதவருக்கும் அதே அறுவை சிகிச்சை. ஒரு ஆபரேஷனுக்கு என்ன செலவு, எத்தனை பேர் கட்டினால் எத்தனை பேருக்கு இலவசமாகச் செய்யலாம் என்று கணக்குப் பார்க்காமலா அது நடந்திருக்கும்? கறாராகக் கணக்குப் பார்த்ததால்தான் இலவசம் நிலைத்தது. சேவைக்கும் கணக்குக்கும் பகை என்று சொல்கிறவர்கள் மாட்டுத்தாவணி வரை ஒரு டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

செய்யவேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. எந்தத் தேதியில் அட்மிட் ஆனாரோ அந்தத் தேதியின் விதிப்படி பில் முடியவேண்டும், நடுவில் மாறக்கூடாது. மாறும் நாளுக்கு முன்பே, யார் யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், எந்த நோயாளிக்கு எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்று பட்டியல் எடுத்து டாக்டர் தானே கையெழுத்துப் போடவேண்டும். பழைய சாஃப்ட்வேரை இரண்டு மூன்று மாதமாவது திறந்து வைத்திருக்கவேண்டும். பழைய வங்கிக் கணக்கை கடைசி கிளெய்ம் வரும்வரை மூடக்கூடாது. கவுண்டர் வேலை இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கவேண்டும். பெஞ்சில் இருப்பவருக்கு, இன்ன காப்பீடு இன்ன தேதி வரை இங்கே எடுக்கமாட்டோம் என்று வாசலிலேயே தமிழில் எழுதி ஒட்டவேண்டும், ஸ்கேன் எடுத்து முடித்த பிறகு சொல்லக்கூடாது. கட்டணத்தை முன்கூட்டியே தெரியப்படுத்தவேண்டும் என்பது 2002ன் மருத்துவ கவுன்சில் நெறிமுறையிலேயே இருக்கிறது. யாரும் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

காப்பீட்டுக்காரர்களுக்கும் இதே கறார் வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தடித்தால் கூடுதல் மருத்துவமனைச் செலவு நிறுவனத்தின் பொறுப்பு என்று 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டது. அது காசு கொடுத்து பாலிசி எடுத்தவருக்கு வந்த உரிமை. முதல்வர் காப்பீட்டு அட்டையோடு வருகிற சேத்தூர் பெண்ணுக்கும் அதே மாதிரி ஒரு கடிகாரம் ஓடினால் என்ன? மருத்துவமனைக்கு வரவேண்டிய பாக்கிக்கு வட்டி போட்டால் என்ன? சின்ன மருத்துவமனைகள் கேட்கவேண்டிய கேள்வி இது. ஆனால் கேட்பதற்கு முன், வரவேண்டியது எவ்வளவு என்று முதலில் டாக்டருக்குத் தெரியவேண்டுமே.

முதல்வர் காப்பீட்டுத் திட்டம் 2018 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்தது, தொகை 5 லட்சம் ஆனது. 2022 ஜனவரியில் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தார்கள், வருமான வரம்பு 1,20,000 ஆனது. ஐந்தைக் கூட்டினால் 2027 ஜனவரி. அந்தப் பொங்கலுக்கு முதல் நாள் அட்மிட் ஆகிறவரின் பில் எந்த ஒப்பந்தத்தில் சேரும் என்பதை எழுதி வைத்திருக்கும் கவுண்டர் ராஜபாளையத்தில் எத்தனை, ஸ்ரீவில்லிபுத்தூரில் எத்தனை?