கடலைக் காண்பதும் கடலை அறிவதும்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கிழக்கே சென்னைக் கடற்கரை, மேற்கே மங்களூர்க் கடற்கரை. எப்பக்கம் சென்றாலும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர் பயணம் செய்தாக வேண்டும். எனவே அந்நகரில் பிறந்து வளரும் தமிழ்ச் சிறுவர்களுக்குக் கடல் நாள்தோறும் காணும் காட்சியன்று. ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில் தாத்தா பாட்டி வீட்டிற்குச் செல்லும் வழியில், இரண்டு மணி நேரம் காணக் கிடைப்பது. அந்த இரண்டு மணி நேரம் எவ்வாறு கழிகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெரும்பாலும் அது ஒரே வகையாகவே கழிகிறது. மெரினாவோ மாமல்லபுரமோ இராமேசுவரமோ, குடும்பம் வந்து இறங்குகிறது. பிள்ளைகள் முழங்கால் அளவு நீரில் நின்று அலையோடு விளையாடுகின்றனர். பெரியவர்கள் கைப்பேசியில் படம் எடுக்கின்றனர். சுண்டல் வாங்கப்படுகிறது, சிப்பியில் பெயர் எழுதிய சாவிக்கொத்து வாங்கப்படுகிறது, பொழுது சாய்ந்ததும் வண்டி புறப்படுகிறது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆண்டு முழுவதும் தொழிற்சாலையிலும் கணினி நிறுவனத்திலும் உழைத்து, பத்து நாள் விடுப்புப் பெற்று வரும் தாய்தந்தையர் கடற்கரையைப் பள்ளியறையாக மாற்றவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. பிள்ளைகளுக்கும் விளையாட்டு வேண்டும். ஆயினும், திரும்பி வந்த பிள்ளையிடம் ‘கடலில் என்ன பார்த்தாய்?’ என்று கேட்டால் ‘தண்ணீர்’ என்ற விடை மட்டுமே கிடைக்குமானால், அத்தனை தொலைவு சென்றும் ஏதோ ஒன்று கைநழுவிப் போயிருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

கைநழுவிப் போவது முதலில் சொல். நிலத்தை ஐந்தாகப் பகுத்து, கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பெயரிட்டவர்கள் தமிழர். அந்நிலத்து நண்டையும் புன்னை மரத்தையும் மணலில் படரும் அடும்புக் கொடியையும் சங்கப் புலவர்கள் உற்றுப் பார்த்துப் பாடினர். அதே அடும்புக் கொடி இன்றும் கடற்கரை மணலில் ஊதா நிறப் பூவோடு படர்ந்திருக்கிறது. காற்றில் மணல் பறந்து போகாமல் பிடித்து வைக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த பிள்ளை அதை மிதித்துக்கொண்டு ஓடுகிறது. உடன் வந்த பெரியவர்க்கும் பெயர் தெரியவில்லை. ஒரு தலைமுறையில் ஒரு சொல் மறைவது இவ்வாறுதான். எவரும் அதை வேண்டுமென்று அழிப்பதில்லை.

படகின் கதையும் அதுவே. கரையில் கிடப்பவை எல்லாம் பிள்ளைகளுக்கு ‘போட்’. ஆனால் கரையில் வாழ்வோர்க்கு வல்லம் வேறு, வத்தை வேறு, நாட்டுப்படகு வேறு, விசைப்படகு வேறு. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் கட்டுமரம், தன் பெயரை ஆங்கிலத்திற்கே கொடுத்த கலம். உலகெங்கும் ‘கேட்டமரான்’ என்று வழங்கும் சொல் அதிலிருந்து பிறந்தது. இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட பெரிய கலங்களையும் குறிக்கிறது. கட்டுமரத்தின் நுட்பம் எளிமையானது. அதற்குள் நீர் புகுந்து தங்க இடமில்லை. புகுந்த நீர் மரங்களின் இடுக்கு வழியே வெளியேறிவிடும். ஆகவே அலை அடித்து மூடினாலும் அது மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டுகளை அவிழ்த்து மரங்களை உலர வைக்கலாம். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் அதன் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. தாத்தா கண்ட கட்டுமரத்தைப் பேரப்பிள்ளை காண வேண்டுமானால் சில ஊர்களில் தேடித்தான் காணவேண்டும். காற்றுக்கும் அவ்வாறே பெயர்கள் உண்டு. கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம். எந்தக் காற்றில் எந்த மீன் கரையை நெருங்கும் என்பது இப்பெயர்களோடு சேர்ந்தே வழங்கும் அறிவு. பெயர் போனால் அதுவும் உடன் போகும்.

கோடை விடுமுறையில் கிழக்குக் கரைக்குச் செல்லும் குடும்பம் ஒரு காட்சியைத் தவறாமல் காண்கிறது; ஆனால் அதன் பொருளை அறிவதில்லை. துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கின்றன. ‘இன்றைக்கு லீவு போலும்’ என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். உண்மையில் அது ஒரு நாள் விடுமுறையன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. முன்பு 45 நாள்களாக இருந்த இத்தடை 2017இல் நீட்டிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகக் கடலுக்கு ஓய்வு கொடுப்பதே நோக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் கடலுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விடுமுறை என்றும் சொல்லலாம்! கரையோரத்தில் நாட்டுப்படகுகள் மட்டும் தொழிலுக்குச் செல்லும். விசைப்படகுத் தொழிலாளர்கள் இந்நாள்களில் வலை பின்னுகின்றனர், படகிற்கு வண்ணம் பூசுகின்றனர், இயந்திரத்தைப் பழுது பார்க்கின்றனர். அரசு தரும் உதவித்தொகையைக் கொண்டு குடும்பத்தை ஓட்டுகின்றனர். அந்த மாதங்களில் சந்தையில் மீன் விலை ஏறுவதற்கும் இதுவே காரணம். மேற்குக் கரையில் கணக்கு வேறு. மங்களூர், மல்பெ முதலிய கருநாடகத் துறைமுகங்களில் தடை ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறது. மே மாதத்தில் அங்குச் செல்வோர் படகுகள் மீனோடு திரும்புவதைக் காணலாம். வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் ‘ஐயா, ஏன் படகு போகவில்லை?’ என்று பிள்ளை கேட்டிருந்தால், உயிரியல் பாடமும் பொருளியல் பாடமும் ஐந்து நிமிடத்தில் கிடைத்திருக்கும். அவ்வினாவைக் கேட்பதற்குத் தமிழ் வேண்டும். தமிழ்ப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை பாடநூலில் இல்லை.

இனி, கடைகளைப் பற்றி. இராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் கோயிலுக்குச் செல்லும் தெருக்களில் சங்கும் சிப்பியும் குவித்து விற்கின்றனர். ஒதுங்கிக் கிடக்கும் வெற்றுச் சிப்பிகள் மட்டுமே அவை என்று வாங்குவோர் எண்ணுகின்றனர். பலவற்றுள் ஒரு காலத்தில் உயிர் இருந்தது. விற்பனைக்காகவே எடுக்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு. பவளம் என்பது கல்லன்று. நுண்ணிய உயிரிகள் பல்லாண்டுகள் கூடி வாழ்ந்து எழுப்பிய கூடு. இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து இப்பவளப் பாறைகள் உள்ளன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும், பின்னர்ச் சில காலமும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்தனர். இரண்டு தீவுகள் நீருக்குள் மறைந்தன. பவளம் வெட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்பர். 2001இல் பவளமும் கடற்குதிரையும் கடல் அட்டையும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிற்குள் வந்தன. எனவே பவளத் துண்டையோ உலர்த்திய கடற்குதிரையையோ நினைவுப் பொருளாக வாங்குவது சட்டப்படியும் குற்றம். சாவிக்கொத்து வாங்காமல் திரும்பிய பிள்ளைக்கு ஓர் இழப்பும் இல்லை. சிறு வியாபாரியின் பிழைப்பு என்னாகும் என்று கேட்கலாம். பனையோலைப் பெட்டியும் கருப்பட்டியும் அதே தெருவில் கிடைக்கின்றன, அவற்றை வாங்கலாம்.

கரையில் வாழ்வோர் கடலைக் காப்பதில் நகரத்தாரைவிடப் பின்தங்கியவர்கள் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அவ்வெண்ணத்திற்கு மறுப்பு. தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுள் ஒருவர் அவர். பாசி மீண்டும் வளரும்படி, மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே எடுப்பது என்று அப்பெண்கள் தமக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டனர். 2015இல் அவருக்கு அமெரிக்க அமைப்பு ஒன்று வழங்கும் சீகாலஜி பரிசு கிடைத்தது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர் அவர்.

படகில் ஏறுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடலுக்கு வந்தும் படகில் ஏறாமல் திரும்பப் பிள்ளைகள் உடன்படுவதில்லை. ஆசை நியாயமானதே, ஆனால் எந்தப் படகு என்பது உயிரைப் பற்றிய வினா. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில், விடுமுறையைக் கழிக்க வந்த உறவினர் கூட்டம் ஒன்று மீன்பிடிப் படகில் ஏறிச் சென்றது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் உயிர்காப்பு அங்கி இல்லாததும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. அங்கி இல்லையென்றால் ஏறுவதில்லை என்று பிள்ளைகளே பிடிவாதம் பிடிக்கலாம். பிடிவாதம் நல்லதாக அமையும் இடங்கள் சில உண்டு. இது அவற்றுள் ஒன்று.

நல்ல வழியும் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கு அருகே காரங்காடு என்னும் மீனவர் சிற்றூரில், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுச் சுற்றுலா நடத்துகின்றனர். உயிர்காப்பு அங்கி அணிவித்து, அலையாத்திக் காட்டின் ஊடே அழைத்துச் செல்கின்றனர். ஓட்டுபவர் அவ்வூர் மீனவர். நண்டும் மீனும் சமைத்துத் தருபவர்கள் அவ்வூர்ப் பெண்கள். ஏர்வாடியை அடுத்த பிச்சைமூப்பன் வலசையில் கண்ணாடி அடித்தளம் உள்ள படகில் அமர்ந்து கடலின் அடியைக் காணலாம். பயணிகள் கூட்டம் கடலைக் கெடுத்துவிடும், ஆகவே போகாமல் இருப்பதே நல்லது என்று வாதிடுவோர் உண்டு. கட்டுப்பாடில்லாத கூட்டத்திற்கு அது பொருந்தும். ஆனால் பயணி கொடுக்கும் பணம் அவ்வூரிலேயே தங்குமானால், அந்தக் காட்டையும் கடலையும் காப்பதில் ஊராருக்கு மேலும் ஒரு காரணம் கிடைக்கிறது. வேண்டுவது விலகி நிற்பது அன்று, தக்க படகைத் தேர்ந்தெடுப்பது.

சற்று வடக்கே பாக்கு நீரிணையில் ஆவுளியா வாழ்கிறது. நூல்கள் கடற்பசு என்று குறிப்பிடும் பாலூட்டி அது. கடலடிப் புல்லை மேய்வது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பை அதற்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. அதை நேரில் காண்பது அரிது. கரையில் நின்று, ‘இந்த நீருக்கடியில் ஆவுளியா மேய்ந்துகொண்டிருக்கிறது’ என்று பிள்ளைக்குச் சொன்னால் போதும். அந்த நீர் அதன்பின் வெறும் நீராகத் தோன்றாது.

விடுமுறையைச் சற்று மாற்றி அமைக்கக் கூடியவர்களுக்குச் சென்னைக் கடற்கரை இரவில் மற்றொரு காட்சியை வைத்திருக்கிறது. சனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. ஓர் ஆமை மணலைத் தோண்டி ஏறத்தாழ 100 முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் மைல் கணக்கில் நடந்து, அம்முட்டைகளைப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றி, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகின்றனர். பொதுமக்களும் உடன் நடக்கலாம். குஞ்சுகள் வெளிச்சம் உள்ள திசையை நோக்கியே நகரும் இயல்புடையவை; இருண்ட கரையில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும். இன்றோ தெருவிளக்கும் விடுதி விளக்கும் அவற்றை நிலத்தின் பக்கம் இழுத்துவிடுகின்றன. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையில் நீருக்குள் சிக்கிக்கொண்டால் மேலே வர இயலாமல் மூச்சு முட்டி இறந்துவிடும். கடல் அழகாகவே இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியதில்லை. இறந்த ஆமையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பிள்ளையின் கண்ணை மூடி அப்பால் அழைத்துச் செல்லவும் வேண்டியதில்லை.

இவ்வளவையும் இணையத்திலேயே காட்டிவிடலாமே என்று கேட்கும் பெற்றோர் பெங்களூரில் பலர். பவளப் பாறையைத் திரையில் இன்னும் தெளிவாகக் காணலாம் என்பது உண்மையே. ஆனால் திரையில் உப்புக் காற்று இல்லை. கேள்வி கேட்டால் விடை சொல்லும் வலைக்காரரும் இல்லை.

கடலுக்குச் செல்ல இயலாத ஆண்டுகளிலும் கடலின் ஒரு பகுதி பனிக்கட்டியில் பொதிந்து பெங்களூருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. சிவாஜிநகர் இரசல் சந்தையின் மீன்கடைகளில் அஞ்சல், பங்குடெ, பூத்தாய் என்று மேற்குக் கரையின் பெயர்களைச் சொல்லி விற்கின்றனர். அஞ்சல்தான் சென்னையில் வஞ்சிரம், கன்னியாகுமரியில் நெய்மீன். பங்குடெ சென்னையில் கானாங்கெளுத்தி, தெற்கே அயிலை. பூத்தாய் என்பது மத்தி. சாளை என்றும் அதற்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பையைத் தூக்கிக்கொண்டு செல்லும் பிள்ளை, ஒவ்வொரு மீனுக்கும் கன்னடப் பெயரைக் கடைக்காரரிடமும் தமிழ்ப் பெயரை, அன்று மாலை தொலைபேசியில், ஊரிலுள்ள பாட்டியிடமும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கலாம். பாட்டிக்குத் தெரிந்த பெயர்கள் பத்துக்குக் குறையா.