யாருக்கு வேண்டும் கதகதப்பு?

மூன்று வருடங்களுக்கு முன்பு என்னோடு வேலை பார்த்த பதினொரு பேரை ஒரே மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மடிக்கணினியை எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும், கணக்கு எத்தனை மணிக்கு முடக்கப்படும் என்றெல்லாம் துல்லியமாகச் சொன்ன அந்த மடல் 'வார்ம் ரிகார்ட்ஸ்' என்று முடிந்திருந்தது. அனுப்பியவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் எழுதும் எல்லா மடலின் அடியிலும் அந்த இரண்டு சொற்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். என் சண்டை அந்தச் சொல்லோடு. அதைவிட, அதைத் தமிழுக்குள் அப்படியே இறக்கிவைக்கிறவர்களோடு.

மொழிபெயர்ப்பு நாவலைத் திறந்தால் 'கதகதப்பான புன்னகை'. விருந்தாளிக்கு 'வெதுவெதுப்பான வரவேற்பு'. மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் இறங்கி நிற்கும் ஒருவரை வெதுவெதுப்பாக வரவேற்றால் அவர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடுவார்.

நம் மொழியில் அன்பின் தட்பவெப்பம் நேர் எதிரானது. நல்ல சேதி கேட்டால் மனசு குளிர்கிறது. பேரப்பிள்ளையைக் கண்குளிரப் பார்க்கிறோம். இரக்கமில்லாதவன் ஈரமில்லாதவன். பொறாமைதான் எரிச்சல். அருளுக்குப் பழைய சொல் தண்ணளி. அதிலும் 'தண்' என்பது குளிர்ச்சி. கொங்குநாட்டு மாரியம்மன் நோம்பியில் கம்பம் நட்டுவிட்டால் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஆத்தா குளிர்ந்தால்தான் ஊர் குளிரும். இனியவை கூறல் அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவதே ஈரத்தில்தான். இன்சொல்லில் ஈரம் கலந்திருக்க வேண்டும், கூடவே வஞ்சனை இருக்கக் கூடாது என்கிறார். இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். வஞ்சனையோடும் இனிமையாகப் பேச முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது வெறும் வெயில் ஊர், குளிர் ஊர் வித்தியாசம் இல்லை. 'என் மனசு குளிர்ந்தது' என்று பெற்றவர்தான் சொல்ல முடியும். கொடுத்தவர் சொல்லிக்கொண்டால் ஊர் சிரிக்கும். 'இப்படிக்கு, ஈர நெஞ்சுக்காரன்' என்று யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. 'வார்ம்' அப்படியில்லை. கொடுப்பவரே தனக்குப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது. எதையும் கொடுக்காமலே போட்டுக்கொள்ளலாம்.

என் அமுச்சி வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணி வரும். "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க. அப்பறம் பேசலாம்." அவர் அதிகம் சிரிக்க மாட்டார். இன்றைய அலுவலக மதிப்பீட்டில் 'இன்னும் கொஞ்சம் வார்மாக இருக்கலாம்' என்று எழுதி ஊதிய உயர்வைக் குறைத்திருப்பார்கள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, அன்பைச் சூடாக உணர்வது மனித இயல்பு என்பது. தாய் அணைக்கும்போது குழந்தைக்குக் கிடைக்கும் உடல்சூட்டிலிருந்து இந்த உருவகம் பிறக்கிறது என்று லேகாஃபும் ஜான்சனும் எழுதினார்கள். சூடான காபிக் கோப்பையைப் பிடித்திருந்தவர்கள் அறிமுகமில்லாத ஒருவரை அன்பானவராக மதிப்பிட்டார்கள் என்று 2008இல் 'சயின்ஸ்' இதழில் வில்லியம்ஸும் பார்கும் வெளியிட்ட ஆய்வை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதையே அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்து 2019இல் வெளியிட்டபோது அந்த விளைவு கிடைக்கவில்லை என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அணைப்பின் கதகதப்பை நான் மறுக்கவில்லை. கோழி இறக்கைக்குள் குஞ்சுக்குக் கிடைப்பது கதகதப்புதான். புன்னகைக்கு இறக்கை கிடையாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. தொல்காப்பிய உரியியல் 'வெம்மை'க்கு வேண்டல், அதாவது விருப்பம் என்று பொருள் சொல்கிறது. ஆக, தமிழிலும் அன்பு சுட்டிருக்கிறதே? சுட்டிருக்கிறது. ஆனால் எந்த அன்பு? வேண்டல் என்பது எனக்கு வேண்டும் என்பது. தாகம் என்னுடையது. தண்ணளியோ அடுத்தவர் தாகத்தைப் பார்ப்பது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழியில் இரண்டையும் 'கதகதப்பு' என்ற ஒரே போர்வையால் மூடுவது சொல்வளம் ஆகாது.

இதுவரை படித்த என் ஊர்க்காரர்கள் இந்நேரம் மீசையை முறுக்கியிருப்பார்கள். 'ஏனுங்', 'சொல்லுங்க', 'சரிங்' என்று வாய்க்கு வாய் 'ங்க' போடும் ஊர் அல்லவா நம்முடையது. அங்கேயும் வருகிறேன்.

அப்பா தறி வைத்துக் கூலிக்கு நெய்தவர். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடையும் கொடுப்பார். நெய்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. மின்கட்டணம், உதிரிபாகம், ஆள் சம்பளம் எல்லாம் அதற்குள்ளேயே. கூலி உயர்த்திக் கேட்கப் போனால் நாற்காலி போடுவார்கள், டீ வரும். "பாத்துப் பண்ணலாமுங்க, நீங்க ஏனுங் கவலப்படறீங்க?" அப்பா அதை வருடக்கணக்கில் கேட்டார். 2022 ஜனவரியிலும் 2025 மார்ச், ஏப்ரலிலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்யும் தறிகள் வாரக்கணக்கில் நின்றதும், கருமத்தம்பட்டியிலேயே உண்ணாவிரதம் இருந்ததும் 'ங்க' போதாமல்தான். மீட்டருக்கு எத்தனை பைசா என்பதுதான் அங்கே கேள்வி.

அந்த 'ங்க' எல்லோருக்கும் கிடைத்ததும் இல்லை. தோட்டத்து வேலைக்கு வந்த அறுபது வயதுக்காரரைச் சாதி பார்த்துப் பத்து வயதுப் பையன் 'வாடா, போடா' என்று கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன். அவருக்கும் வெயில் ஒன்றுதான். சொம்பு மட்டும் வேறு. அமுச்சி வீட்டிலும் வேறாகத்தான் இருந்தது.

ஆகவே 'தமிழ் ஈரமானது, ஆங்கிலம் போலியானது' என்று சொல்ல வரவில்லை. ஈரம் என்ற சொல் 'யாருடைய வெக்கை தணிந்தது?' என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை நம்மிடமும் கேட்கிறது. கதகதப்பு கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளர்களே, முகமலர்ச்சி இருக்கிறது, வாஞ்சை இருக்கிறது, பிரியம், பரிவு இருக்கிறது. இடம் பார்த்து எடுங்கள்.

என் மடல்களில் 'வார்ம் ரிகார்ட்ஸ்' இப்போது இல்லை. அதனால் நான் நல்லவனாகிவிடவும் இல்லை. அந்தப் பதினொரு பேரில் நான் கூப்பிட்டுப் பேசியது இரண்டு பேரிடம். மீதி ஒன்பது பேருக்கும் வாட்ஸப்பில் ஓர் இதயப் படம் அனுப்பினேன்.