முறிந்த இடுப்பும் இரும்பு ஏணியும்

மும்பை தாராவியின் சந்துகளில் ஒரு வீடு என்பது கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. கழிப்பறை பெரும்பாலும் சந்துக்கு அப்பால், பலருக்கும் பொதுவாக இருக்கும். அதிகாலை ஈரத்தில் அங்கே போகும் எழுபது வயது மூதாட்டி வழுக்கி, பக்கவாட்டில் விழுகிறார் என்று வையுங்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலை உள்நோக்கி இடிக்கிறது. அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணம் உடைகிறது. இளைஞருக்கு இந்தக் கிண்ணம் உடைய வண்டி மோத வேண்டும். எலும்பு மெலிந்த முதியவருக்கு, நின்ற இடத்தில் விழுந்தாலே போதும்.

அடுத்து வீட்டில் எழும் பேச்சு நமக்குப் பழகியதுதான்: “இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு? ரெண்டு மாசம் படுத்திருந்தா தானா கூடிடும்.” அக்கறையில் பிறக்கும் இந்தச் சொல்தான் பல முதியவர்களைத் திரும்ப எழாமல் செய்கிறது. எலும்பு கூடலாம். அதற்குள் நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு, மனக்குழப்பம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். படுக்கை ஓய்வும் ஒரு சிகிச்சைதான். அதற்கும் பக்கவிளைவு உண்டு.

இரண்டு முறிவு, இரண்டு கணக்கு

‘இடுப்பு முறிவு’ என்று பொதுவாகச் சொன்னாலும், முறிவது எது என்பது முக்கியம். தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் காத்திருக்கக் கூடாது. சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் 2011இலேயே சொன்னது. கிண்ண முறிவின் கணக்கு வேறு. சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடக்கூடும். சிடி ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும். உடலைத் தயார்செய்யச் சில நாள் எடுத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் தாண்டினால் துண்டுகளைச் சரியாகப் பொருத்துவது கடினம்.

பிரெஞ்சு மருத்துவர்கள் ஜூடே சகோதரர்களும் எமில் லெடூர்னெலும் 1964இல் இந்த முறிவுகளை வகைப்படுத்தினார்கள். இன்றும் அதுதான் அடிப்படை. ஆனால், முதியவரின் எலும்பில் திருகாணி உறுதியாகப் பிடிப்பதில்லை. கிண்ணத்தின் கூரை நொறுங்கியிருந்தால் தகடு மட்டும் போதாது. ஆகவே இன்று மூன்று வழிகள் உள்ளன. உருண்டை இடம்பெயராமல் இருந்தால் அறுவை இல்லாமலே வலியை அடக்கி, சில நாட்களில் வாக்கரோடு எழுப்புவது. தகடு, திருகாணியால் பொருத்துவது. பொருத்திய கையோடு செயற்கை மூட்டும் வைத்துவிடுவது. இவற்றில் எது எல்லோருக்கும் மேலானது என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நோயாளியை எது சீக்கிரம் எழுப்பி நிற்க வைக்கும் என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டை விசாரிக்காத சிகிச்சை

தகடு பொருத்திய பின், “அந்தக் காலில் பாதி எடை மட்டும் ஊன்றுங்கள்” என்று சொல்லி அனுப்புவது வழக்கம். கையில் வலுவில்லாத முதியவரால் எடையைப் பாதியாகப் பிரித்து ஊன்ற முடிவதில்லை. ஒன்று முழுதாக ஊன்றுவார், இல்லையேல் படுத்தே கிடப்பார். உடனே முழு எடையையும் தாங்கும் செயற்கை மூட்டு சிலருக்குப் பொருத்தமாவது இதனால்தான்.

வீட்டுச் சிக்கல் மாட்டுங்காவில் வேறு வடிவத்தில் இருக்கிறது. 1896 பிளேக்குக்குப் பிறகு, 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்ட பகுதி அது. அங்குள்ள பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடிக்கு வாக்கர் ஏறாது. செம்பூரின் புதிய அடுக்ககத்தில் லிஃப்ட் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால், வீட்டில் கைகொடுக்க ஆள் இல்லை. எந்த மாடி, கழிப்பறை எங்கே, உடன் இருப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளும் அறுவைக்கு முன்பே கேஸ் பேப்பரில் இடம்பெற வேண்டும்.

பதினைந்து நாள் போதாது

தாராவியை ஒட்டியே சயான் மருத்துவமனை இருக்கிறது. பரேலில் கேஇஎம் மருத்துவமனை இருக்கிறது. 2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிரம்பிய எவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால், வீடு திரும்பிய பின் அது கைகொடுப்பது 15 நாட்களுக்கு மட்டுமே. கிண்ண முறிவு தேற ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பிசியோதெரபி, கமோடு நாற்காலி, துணைக்கு ஓர் ஆள் என உண்மையான செலவு அந்த 15 நாளுக்குப் பிறகுதான் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மும்பை மாநகராட்சிக்கும் இது புதிதல்ல. 2020இல் கொரோனா காலத்தில் தாராவியில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்த நிர்வாகம் அது. அதே கால்கள் வாக்கரோடு வீடு திரும்பியவரைத் தேடிப் போனால் போதும்.

அடுத்த முறிவைத் தடுப்பதும் சிகிச்சையின் பகுதியே. இடுப்பு முறிவுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை ஸோலெட்ரோனிக் அமிலம் சிரை வழி ஏற்றப்பட்டவர்களிடம் புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. எலும்பைப் பொருத்திவிட்டு எலும்பு மெலிவைக் கவனிக்காமல் அனுப்புவது அரைகுறை வைத்தியம்.

வீட்டில் பெரியவர் விழுந்தால், மருத்துவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: “எந்த நாளில் எழுப்பி நிற்க வைப்பீர்கள்?” பெரியவர் வீடு திரும்புவதற்குள், படுக்கையை மேல் அறையிலிருந்து கீழே இறக்கி வையுங்கள்.